பாட்டீல் சகோதரிகளின் அம்மா

ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல் 1997இல் வெளிவந்தது. ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளிக்குப் புதிதாக வந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, பள்ளியின் நான்கு இல்லங்களில் எதில் சேர்ப்பது என்று முடிவுசெய்யும் காட்சி அதில் உண்டு. அந்தப் பெயர் வரிசையில் பாட்டீல் என்ற குடும்பப் பெயருடன் இரட்டைச் சிறுமிகள் வந்துபோகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு முழு வாக்கியம்கூட அங்கே கிடையாது. பார்வதி, பத்மா என்ற பெயர்கள் பிறகுதான் நமக்குத் தெரிகின்றன.

ஒன்பதாம் வகுப்பில் இரவல் வாங்கிப் படித்தபோது அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். வீஸ்லி, மால்ஃபாய், லாங்பாட்டம் என்று நாக்கில் ஒட்டாத பெயர்களுக்கு நடுவில் ஒரு பாட்டீல்! அந்தப் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. எண்ணெய் வைத்த கூந்தல், மாநிறம், வீட்டில் சாமிப் படம் எல்லாவற்றையும் நானே வரைந்துகொண்டேன். உடனே அடுத்த கேள்வியும் மனதில் வந்தது. அந்தக் கேள்வி எனக்குப் பெருமை தருவது அல்ல. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கதைமாந்தரின் பூர்வீகத்தை ஊகிப்பது இந்த நூல்களின் வாசகர்களுக்குப் பழகிப்போன விளையாட்டு. அதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. யாருடைய பூர்வீகத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது, யாருடையதை ஊகிக்கத் தேவையே இல்லை என்பதிலேயே ஓர் அரசியல் இருக்கிறது.

இந்த ஏழு நூல்களிலும் வெள்ளையராக இருப்பவரைப் பற்றி அவர் வெள்ளையர் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில்லை. நிறம் சொல்லப்படுகிறது என்றால் அது வெள்ளை அல்ல என்று பொருள். ஆஞ்சலினா ஜான்சன் உயரமான கறுப்பினப் பெண் என்று நான்காம் நூல் சொல்கிறது. டீன் தாமஸ் கறுப்பினச் சிறுவன் என்ற விவரம் முதல் நூலின் அமெரிக்கப் பதிப்பில் உண்டு, பிரிட்டன் பதிப்பில் இல்லை. ஒரே சிறுவன், ஒரே காட்சி. கடலின் ஒரு கரையில் படித்தவர்கள் அவனை வெள்ளையனாகவும் மறுகரையில் படித்தவர்கள் கறுப்பனாகவும் மனதில் கண்டிருப்பார்கள்.

பிளேஸ் ஸபீனியின் கதை இன்னும் சுவையானது. முதல் நூலில் அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் மட்டும்தான். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. எட்டு ஆண்டுகள் வாசகர்கள் விருப்பம்போல் எழுதிக்கொண்டார்கள். இத்தாலியப் பையன் என்றார்கள் சிலர், பெண் என்றார்கள் வேறு சிலர். 2005இல் ஆறாவது நூல் வந்தபோது பிளேஸ் உயரமான கறுப்பின இளைஞன் என்று தெரிந்தது. அதே நூல் அவனுடைய தாயைப் பற்றியும் சொல்கிறது. பேரழகி, ஏழு முறை மணம் செய்தவர், ஒவ்வொரு கணவரும் மர்மமாக இறந்து அவருக்குத் தங்கத்தை விட்டுச்சென்றார்களாம்.

அந்தத் தாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நூல்வரிசை அடிப்படையில் தாய்மார்களின் கதை. லில்லி உயிரைக் கொடுத்ததால்தான் ஹாரி பிழைக்கிறான். வோல்டமோர்ட்டிடம் நார்சிஸா மால்ஃபாய் மகனுக்காகச் சொல்லும் ஒரு பொய்தான் கடைசிப் போரின் போக்கை மாற்றுகிறது. பெல்லாட்ரிக்ஸை வீழ்த்துபவர் மாலி வீஸ்லி, அதுவும் மகளைக் காக்கப் பாய்ந்து. தாய்மையை இப்படிக் கொண்டாடுவதில் பெண்ணியருக்குக் கேள்விகள் இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனாலும் கதையின் பெரிய திருப்பங்கள் தாய்மார் கையில் இருக்கின்றன என்பது உண்மை. அந்தத் தாய்மார் மூவரும் வெள்ளையர். வெள்ளையர் அல்லாத ஒரு பிள்ளையின் தாய்க்குச் சற்றே இடம் கிடைக்கும்போது அவர் கணவர்களைத் தின்னும் அழகியாக வருகிறார். பாட்டீல் சகோதரிகளின் அம்மாவுக்கோ பெயரே இல்லை.

ஹெர்மயனியைப் பற்றிய சண்டை எல்லோருக்கும் தெரிந்தது. 2015 டிசம்பரில், லண்டனில் அரங்கேறவிருந்த ஹாரி பாட்டர் நாடகத்தில் வளர்ந்த ஹெர்மயனியாக நோமா டுமேஸ்வெனி நடிப்பார் என்று அறிவித்தார்கள். அவர் தென்னாப்பிரிக்கப் பெற்றோருக்கு சுவாசிலாந்தில் பிறந்து, சிறுமியாக இங்கிலாந்துக்கு அகதியாக வந்த கறுப்பினக் கலைஞர். இணையத்தில் எதிர்ப்பு கிளம்பியது. பழுப்பு விழிகள், அடங்காத சுருட்டை முடி, கூர்மையான அறிவு ஆகியவற்றைத்தான் நூல் சொன்னது, வெள்ளைத் தோல் என்று வரையறுக்கவில்லை என்று ரௌலிங் பதில் சொன்னார். மூன்றாம் நூலில் ஹெர்மயனியின் முகம் வெள்ளையாகத் தெரிந்ததாக ஒரு வரி இருக்கிறதே என்று எதிர்த்தவர்கள் எடுத்துக் காட்டினார்கள். பயத்தில் முகம் வெளுத்ததைத்தான் அது சொல்கிறது என்றார்கள் மற்றவர்கள். நாடகம் 2016இல் அரங்கேறியது, அடுத்த ஆண்டு டுமேஸ்வெனிக்கு ஒலிவியர் விருது கிடைத்தது.

எனக்கு அந்த வரி முக்கியமல்ல. ஹெர்மயனியைக் கறுப்பினப் பெண்ணாகப் படித்த வாசகிகள் பலர் அந்த அறிவிப்புக்கு வெகுநாள் முன்பிருந்தே இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு காரணமும் இருந்தது. மந்திரம் அறியாத குடும்பத்தில் பிறந்த ஹெர்மயனியை மால்ஃபாய் ‘சேற்று ரத்தம்’ என்ற பொருள்படும் சொல்லால் இழிவுபடுத்துகிறான். தன் தெருவில் அதற்கு இணையான சொல்லைக் கேட்டு வளர்ந்த சிறுமிக்கு ஹெர்மயனி யார் என்பதில் சந்தேகம் வந்திருக்காது. அப்படிப் படித்தால் நான்காம் நூலே வேறாகிவிடுகிறது. அடிமைகளாக உழைக்கும் இல்லக் குள்ளர்களின் விடுதலைக்கு ஹெர்மயனி ஓர் இயக்கம் தொடங்குகிறாள். நண்பர்கள் சிரிக்கிறார்கள். குள்ளர்கள் அடிமையாக இருப்பதையே விரும்புகிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

இதைப் படிக்கும்போது பிரிட்டனின் வரலாற்றை மறப்பது கடினம். மேரி பிரின்ஸ் என்ற பெண் பெர்முடாவில் அடிமையாகப் பிறந்தவர். லண்டன் வந்தபின் தன் வாழ்க்கையைச் சொல்லி எழுதவைத்தார், அது 1831இல் நூலாக வந்தது. அடிமைகள் விடுதலையை விரும்பவில்லை என்ற பேச்சுக்கு அதில் நேரடியாகவே பதில் கொடுத்தார். 1833 சட்டத்தின்படி அரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு வழங்கியது. அதைப் பெற்றவர்கள் அடிமைகள் அல்லர், அவர்களுடைய உரிமையாளர்கள். கறுப்பின ஹெர்மயனியை நண்பர்கள் கேலி செய்யும் காட்சியைச் சிரிப்பாகப் படிக்க என்னால் முடியவில்லை. ரௌலிங் அப்படி நினைத்து எழுதினாரா என்பது வேறு கேள்வி. வாசகியின் ஊகம் நூல் கவனிக்காமல் கடந்துபோன இடத்தைத் திறந்துவிட்டது.

பூர்வீகம் வெளிப்படையாகத் தெரிந்த பெண்களுக்கு என்ன நடந்தது? சோ சாங்கைப் பாருங்கள். அது பெயரா, இரண்டு குடும்பப் பெயர்களை ஒட்டிவைத்ததா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. சீன மொழிபெயர்ப்பில் ‘சோ’ என்பதை இலையுதிர்காலத்தைக் குறிக்கும் ‘சியூ’ ஆக்கி, ‘ஜாங்’ என்ற குடும்பப் பெயரோடு சேர்த்தார்கள். ஒரு சீனப் பெண்ணுக்குப் பொருந்தும் பெயர் மொழிபெயர்ப்பில்தான் கிடைத்தது. திரையில் அவளாக நடித்த கேட்டி லியுங் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அந்த வேடம் கிடைத்தபோது இணையத்தில் இனவெறி வசைகளைச் சந்தித்ததாகவும், விளம்பரப் பணியில் இருந்தவர்கள் அதை மறுக்கும்படி தன்னிடம் சொன்னதாகவும் 2021இல் அவர் சொன்னார். லாவெண்டர் பிரவுன் தொடக்கப் படங்களில் பின்னணியில் நின்றபோது அந்த வேடத்தில் கறுப்பினச் சிறுமிகள் இருந்தார்கள். 2009 படத்தில் அவள் ரானின் காதலியாகி, வசனமும் முத்தமும் வந்தபோது வேடம் ஒரு வெள்ளை நடிகைக்குப் போனது. வோல்டமோர்ட்டின் பாம்பு நாகினிக்கும் 2018இல் ஒரு பூர்வீகம் கிடைத்தது. அவள் சாபத்தால் பாம்பாக மாறிய ஆசியப் பெண்ணாம். ஆக, அத்தனை ஆண்டுகள் ஒரு வெள்ளை ஆணின் தோளில் சுற்றிக் கிடந்தது ஓர் ஆசியப் பெண் என்று பின்னோக்கிப் படிக்க வேண்டியதாயிற்று.

பார்வதிக்கும் பத்மாவுக்கும் கிடைத்தவை துணிமணிகள். நான்காம் நூலின் நடன விருந்தில் பார்வதி பளிச்சென்ற இளஞ்சிவப்பு உடையில், பின்னலில் தங்க இழையோடு, தங்க வளையல் மின்ன வருகிறாள். 2005 படத்தில் இருவருக்கும் லெஹங்கா அணிவித்தார்கள். விருந்துக்கு அழைத்துவந்த ஹாரியும் ரானும் அவர்களைக் கண்டுகொள்வதில்லை. வேறு பையன்கள் வந்து ஆடக் கூப்பிடும்வரை சகோதரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். படத்தில் அவர்களாக நடித்த இருவரும் வங்காளதேசப் பின்னணி கொண்ட பிரிட்டன் பெண்கள். மராத்திக் குடும்பப் பெயர், வட இந்தியத் திருமண உடை, வங்காளத்து முகங்கள். பார்வையாளருக்கு எல்லாம் ஒன்றே என்று படமெடுத்தவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

அவர்களுடைய பெற்றோரைப் பற்றி நூல் சொல்வது மிகக் குறைவு. ஆறாவது நூலில், பள்ளியில் ஆபத்து கூடும்போது மகள்களை வீட்டுக்கு அழைத்துக்கொள்ள நினைக்கிறார்கள். டம்பிள்டோர் இறந்த மறுநாள் காலை உணவுக்கு முன்பே சகோதரிகள் கிளம்பிவிடுகிறார்கள். யார் வந்து அழைத்துப்போனார்கள்? அவர்களுக்கு எந்த ஊர்? எங்கிருந்து, எப்போது வந்தவர்கள்? நூல் இவற்றைச் சொல்வதில்லை. எனவே நான் வரலாற்றைக் கேட்டேன்.

காலக்கணக்கு எளிது. ஹாரியின் பெற்றோர் 1981 அக்டோபர் 31 அன்று இறந்ததாகக் கல்லறையில் எழுதியிருக்கிறது. ஹாரி பள்ளியில் சேர்ந்தது 1991 செப்டம்பரில். பாட்டீல் சகோதரிகள் அவனுடைய வகுப்பு என்பதால் 1979 செப்டம்பருக்கும் 1980 ஆகஸ்டுக்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். ஹாக்வார்ட்ஸ் பிரிட்டன், அயர்லாந்துப் பிள்ளைகளின் பள்ளி. எனவே அவர்களுடைய அம்மா 1970களின் பிரிட்டனில் இருந்திருப்பார் என்று ஊகிக்கலாம். மந்திரவாதிகளுக்கு விமானமும் கடவுச்சீட்டும் தேவையில்லை என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும். அந்தப் பத்தாண்டில் இந்தியப் பூர்வீகம் கொண்ட பெண்ணாகப் பிரிட்டனில் வாழ்வது எப்படி இருந்தது என்பதற்கு ஆவணங்கள் இருக்கின்றன.

அவர் கிழக்கு ஆப்பிரிக்கா வழியாக வந்தவராக இருக்கலாம். 1972இல் இடி அமீன் உகாண்டாவின் ஆசியர்களை 90 நாள்களில் வெளியேறச் சொன்னபோது சுமார் 28,000 பேர் பிரிட்டன் வந்துசேர்ந்தார்கள். அப்படி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திப் பெண்கள் பலர் லண்டனின் வில்ஸ்டன் பகுதியில் கிரன்விக் என்ற புகைப்படம் கழுவும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். குறைந்த கூலி, கட்டாய மிகைநேர வேலை, கழிப்பறை போகவும் அனுமதி கேட்க வேண்டும். 1976 ஆகஸ்டில் ஜெயாபென் தேசாய் வேலையை விட்டு வெளியேறினார். அவர் தலைமையில் நடந்த வேலைநிறுத்தம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நீடித்தது. வெள்ளைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மறியலுக்கு வந்து துணைநின்றது அதன் பெருமை. தொழிற்சங்கத் தலைமை கடைசியில் கைவிட்டதால் 1978இல் அது தோல்வியில் முடிந்தது. மழையில் சேலையின் மேல் கோட்டு அணிந்து வாயிலில் நின்ற அந்தப் பெண்களில் ஒருவராக நம் பாட்டீல் அம்மா இருந்திருக்கலாம்.

அல்லது மணமகளாக நேரடியாக இந்தியாவிலிருந்து வந்திருக்கலாம். அப்படி வந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்லக் கை கூசுகிறது. 1979 ஜனவரியில், 35 வயதான ஓர் இந்திய ஆசிரியை தன் வருங்காலக் கணவரை மணக்க லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கினார். மணமாகாதவர் மூன்று மாதத்தில் மணம் செய்துகொள்வதாக வந்தால் விசா தேவையில்லை. மனைவியாக வருபவர் முன்கூட்டியே அனுமதி பெற்றிருக்க வேண்டும். இவர் ஏற்கெனவே மணமானவராக இருக்கலாம் என்று அதிகாரிகள் சந்தேகித்தார்கள். மருத்துவர் ஒருவர் ‘கன்னித்தன்மைச் சோதனை’ செய்தார். இந்தியப் பெண் என்றால் மணத்துக்கு முன் கன்னியாகத்தான் இருப்பாள், கன்னி இல்லையென்றால் மணமானவள் என்பது அவர்களுடைய கணக்கு. பூர்வீகத்தைப் பற்றிய ஓர் ஊகம் ஒரு பெண்ணின் உடலுக்குள் கைவிடும் உரிமையாக மாறியது. பிப்ரவரி 1 அன்று கார்டியன் நாளிதழ் செய்தியை வெளியிட்டது. ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களின் அமைப்புகள் ஹீத்ரோவுக்கே சென்று போராடின. நடைமுறை கைவிடப்பட்டது. குறைந்தது 80 பெண்களுக்கு இந்தச் சோதனை நடந்திருந்ததை அரசுக் கோப்புகளில் ஆய்வாளர்கள் பின்னாளில் கண்டெடுத்தார்கள். பெரும்பாலானவை இந்தியாவிலிருந்த பிரிட்டன் தூதரக அலுவலகங்களிலேயே நடந்தவை.

பார்வதியும் பத்மாவும் பிறந்தது அதே 1979க்கும் 1980க்கும் இடையில்.

ஏழாவது நூலில் ஒரு விசாரணைக் காட்சி உண்டு. மந்திர அமைச்சகத்தைத் தீயவர்கள் கைப்பற்றியபின், மந்திரம் அறியாத குடும்பங்களில் பிறந்தவர்களைப் பதிவுசெய்ய ஓர் ஆணையம் அமைகிறது. மேரி கேட்டர்மோல் என்ற பெண்ணை, மூன்று பிள்ளைகளின் தாயை, நிலவறையில் உட்காரவைத்து விசாரிக்கிறார்கள். அவருடைய பெற்றோர் காய்கறி விற்றவர்கள் என்பது கோப்பில் இருக்கிறது. கேள்வி கேட்பவரும் ஒரு பெண்தான், அம்பிரிட்ஜ். ரத்தத்தைக் கேட்டு அலையும் அரசு எவ்வளவு அற்பமானது என்று அந்தக் காட்சி நன்றாகவே காட்டுகிறது. வாசகர்கள் அதில் நாஜி ஜெர்மனியைக் காண்பார்கள், காண்பதில் தவறில்லை. நான் ஹீத்ரோவையும் காண்கிறேன். ரௌலிங் கற்பனை செய்த விசாரணைக்கு அவருடைய சொந்த நாட்டிலேயே, அவர் பள்ளிச் சிறுமியாக இருந்த காலத்திலேயே ஒரு முன்மாதிரி இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் பாட்டீல்களின் தாய்மார். நூலில் அந்த நாற்காலி ஒரு வெள்ளைப் பெண்ணுக்குக் கிடைத்தது. கதையில் பாட்டீல் அம்மா பாதிக்கப்பட்டவராகக்கூட இல்லை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். பாட்டீல் என்ற பெயரைப் பார்த்ததும் ஒன்பதாம் வகுப்புச் சிறுமியான எனக்கு இரண்டாவதாக வந்த கேள்வி, “பாட்டீல்னா என்ன ஆளுங்க?” என்பதுதான். அப்பாவிடம் கேட்டேன். ஊர்த்தலைவர் பதவிப் பெயர், பெரிய சாதிக்காரங்களா இருப்பாங்க என்றார். எனக்கு ஒரு திருப்தி வந்தது. ஏன் வந்தது என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

“நீங்க எந்தப் பக்கம்?”, “குலதெய்வம் எது?”, “நம்ம ஆளுங்கதானா?” என்று சுற்றி வளைத்துக் கேட்கும் கலையை நமக்கு யாரும் பள்ளியில் சொல்லித் தருவதில்லை. வீட்டில் கற்றுக்கொள்கிறோம். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்ததும் அதே மாநாடுதான். பட்டத்தைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டோம், கேள்வியை நாக்கிலிருந்து எடுக்கவில்லை. மந்திரப் பள்ளியில் படிக்கும் ஒரு கற்பனைச் சிறுமியைக்கூட நான் அந்தக் கேள்வி இல்லாமல் சந்திக்கவில்லை. மால்ஃபாயை வெறுத்துக்கொண்டே மால்ஃபாயின் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன்.

அன்று அப்பாவிடம் நான் கேட்காத இன்னொன்றும் உண்டு. அந்தப் பிள்ளைகளின் அம்மா யார்? எனக்கே அது தோன்றவில்லை. பட்டம் போன இடத்தில் நம் பெயர்களுக்கு முன்னால் ஒரு முதலெழுத்து இருக்கிறது. பெரும்பாலும் அது அப்பாவுடையது. மணமானபின் பலருக்கு அது கணவருடையதாக மாறுகிறது. அம்மாவின் எழுத்து எங்குமே இல்லாத பெயரோடு வளர்ந்த எனக்கு, ஒரு கதையில் அம்மா இல்லாதது குறையாகத் தெரியவில்லை. ரௌலிங்கைக் குறைசொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஊகத்தில் இரண்டு வகை உண்டு என்று இப்போது நினைக்கிறேன். ஒன்று வாயிற்காவலரின் ஊகம். உள்ளே விடலாமா, எந்த வரிசையில் நிறுத்தலாம், நம்மவரா என்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது. ஹீத்ரோ அதிகாரி கேட்டதும் அம்பிரிட்ஜ் கேட்டதும் நான் கேட்டதும் அதுதான். இன்னொன்று, எழுதாமல் விடப்பட்டவரைத் தேடிப்போகும் ஊகம். ஹெர்மயனியில் தன்னைக் கண்ட கறுப்பினச் சிறுமியின் ஊகம் இந்த வகை. இரண்டுமே ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்றுதான் தொடங்குகின்றன. பதில் கிடைத்தபின் என்ன செய்கிறோம் என்பதில்தான் வேறுபடுகின்றன.

பார்வதி பேசும் முதல் இடங்களில் ஒன்று, நெவிலைக் கேலி செய்யும் மால்ஃபாயை அவள் அதட்டும் இடம். கடைசி நூலில், பள்ளிக்காக நடக்கும் போரில் சகோதரிகள் இருவரும் இருக்கிறார்கள். அதட்டுவதற்கும் திரும்பி வந்து நிற்பதற்கும் அவர்கள் எங்கே கற்றார்கள் என்று நூல் சொல்லவில்லை. கிரன்விக் வாயிலில் நின்ற ஒருவரிடம் கற்றிருக்கலாம். ஹீத்ரோவில் நடந்ததை யாரிடமும் சொல்லாமல், பெண்பிள்ளைகள் யாருக்கும் தலைகுனியக் கூடாது என்று மட்டும் சொல்லி வளர்த்த ஒருவரிடம் கற்றிருக்கலாம். அவருக்கு நான் பெயர் வைக்கப் போவதில்லை, என்ன ஆள் என்றும் கேட்கப் போவதில்லை. ஆனால் இனி அந்தப் பெயர் வரிசையைப் படிக்கும்போது, இரட்டைச் சிறுமிகளுக்குப் பின்னால் அவர் நிற்கும் இடத்தையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போவேன்.